யார் கடனை யார் தள்ளுபடி செய்வது?

மன்னிக்கச் சொல்கிறார்கள். யார், யாரை, எதற்காக என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன வருஷம் கல்லறைத் திருநாள் பூசையிலும் அதே பிரசங்கம்தான். பங்குச் சாமியார் நல்ல மனுஷன். இளம் வயசு, விடுதலை இறையியல் எல்லாம் படித்தவர். ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்ட கதையை விரித்துச் சொல்லி, நெஞ்சில் கசப்பை வைத்துக்கொண்டு செத்தவர்களுக்காக ஜெபிக்க முடியாது, பழையதை விட்டுவிடுங்கள் என்று முடித்தார். கோயிலுக்குள் யாரும் கயிறு கட்டிப் பிரிக்கவில்லை. தானாகவே பிரிந்துதான் உட்கார்ந்திருந்தோம். பூசை முடிந்து மந்திரிக்கப் போன கல்லறைத் தோட்டங்கள் ரெண்டு. ஊர்க் கல்லறைக்குச் சாமியார் போனார். எங்கள் கல்லறைக்கு உபதேசியார் தீர்த்தச் செம்போடு வந்தார். சாமியாருக்கு நேரமாகிவிட்டதாம்.

பழையதை விடச் சொன்னார், சரி. ரெண்டாவது கல்லறைக்கு வர நேரமில்லாமல் போனது பழையதா, புதுசா? அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதைப் படிக்கும் தோழர்களில் பாதிப்பேர், அந்தக் கோயிலில் உனக்கு இன்னும் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்க ஆயா அந்தக் கோயில் கட்டும்போது கூலி வாங்காமல் மண் சுமந்தது. ஆயா சுமந்த மண்ணை அவர்களிடம் விட்டுவிட்டு நான் ஏன் வெளியே போகணும்? இது ஒரு பதில். இன்னொன்று, ஆணியடித்துத் தொங்கவிடப்பட்ட அந்த ஆளை எனக்குப் பிடிக்கும். அதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள்.

மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறவன் தன் கசப்பை முதலில் எடுத்து வைக்க வேண்டும். என்னுடையது இது. 2010 ஐப்பசி அடைமழையில் அப்பா செத்துப்போனார். நான் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். பங்குக்குச் சொந்தமாக ஒரு சவவண்டி உண்டு. அது எங்கள் காலனிப் பக்கம் வந்ததே இல்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று நானும் நாலைந்து பையன்களும் போனோம். பங்குப் பேரவையில் முக்கியமான ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், பூசையில் வாசகம் வாசிப்பவர், வண்டி நிற்கும் கொட்டகைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டின்னா தெரு வழியாத்தான் வரணும். தெரு வழியா வந்தா வம்பாயிடும். எதுக்கு? வரப்பு வழியா தூக்கிட்டுப் போயிடுங்க."

வரப்பெல்லாம் சேறு. தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்க, அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்தார். விழவில்லை. சாய்ந்தார், அவ்வளவுதான். பதினைந்து வருஷமாக அந்தச் சாய்வு என் கண்ணுக்குள் நிற்கிறது.

வங்கியில் எழுத்தர் வேலை 2014இல் கிடைத்தது. எங்கெங்கோ சுற்றி, 2021இல் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிளைக்கே மாற்றலாகி வந்தேன். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் வருஷாவருஷம் நவம்பரில் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். ஆதார் எண்ணைப் போட்டு, கருவியில் விரலை வைத்தால் முடிந்தது. அந்த நவம்பரில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். என்னை அடையாளம் தெரியவில்லை. "தம்பி, கொஞ்சம் சீக்கிரம் பார்த்து விடுப்பா" என்றார்.

"ரேகை விழல சார். நாளைக்கு வாங்க" என்றேன். ரேகை விழுந்திருந்தது. மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாளும். விரல் ரேகை எடுபடாதவர்களுக்குக் காகிதப் படிவம் ஒன்று உண்டு. மேசை இழுப்பறையில் ஒரு கட்டு இருந்தது. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மூன்று நாளும் வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து போனார்.

ருசியாகத்தான் இருந்தது, பொய் எதற்கு? சாவி இப்போது என் கையில். ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி என் பொண்ணு ஏதோ நோட்டைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, "நாளைக்கு வா" என்று என் வாயிலிருந்து வந்தது. நாளைக்கு வாயாம். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளையிடம். கவுன்டர் குரல் அப்படியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நாலாவது நாள் அவர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன்.

வேறொரு ஊர்ச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அவர் ரெண்டு சொன்னார். நீ சொன்ன பொய்யையும் செய்த கொடுமையையும் ஆண்டவர் மன்னிக்கிறார், அது ஒன்று. நீயும் அந்த மனிதரை இப்போதே மன்னித்துவிடு, இது இன்னொன்று. "முதல் பாதியை வாங்கிக்கிறேன் சாமி. ரெண்டாவது பாதி என் கையில மட்டும் இல்லை" என்றேன். அவருக்குக் கோபம் வந்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அது என் தொழில் புத்தி. கடன் கொடுத்தவன்தான் கடனைத் தள்ளுபடி செய்ய முடியும். பக்கத்து வங்கி மேலாளர் வந்து எங்கள் கிளைக் கடனைத் தள்ளுபடி செய்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சாய்ந்த உடம்பு என் அப்பாவுடையது. வரப்பில் நடந்தது ஒரு தெரு. அவமானப்பட்டவர்கள் அத்தனை பேர் சார்பிலும் நான் ஒருத்தன் கையெழுத்துப் போட எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சாமியாருக்குத்தான் யார் கொடுத்தது?

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதை வங்கிக்கு வெளியே இருக்கிறவர்கள் கவனிப்பதில்லை, பத்திரிகைக்காரர்களும் குழப்புகிறார்கள். வாராக்கடன் என்று முடிவாகிவிட்ட ஒரு கடனை வங்கி தன் நடப்புக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளும். அது ரைட் ஆஃப். லாபத்திலிருந்து அதற்கென்று ஒதுக்கி வைத்து, அந்தச் சுமையை ஏட்டிலிருந்து இறக்கி வைப்பது. இறக்கி வைக்காவிட்டால் வங்கியின் கணக்கே அழுகிப்போகும். ஆனால் கடன் வாங்கியவனின் பொறுப்பு போகாது. நோட்டீஸ் போகும், வழக்கு நடக்கும், வசூல் நடக்கும். தள்ளுபடி என்பது வேறு. அதில் கடனே இல்லை என்றாகிவிடும். சபை நம்மிடம் பேசும்போது இந்த ரெண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. கசப்பை இறக்கி வை என்று ஆரம்பித்து, கடனே இல்லை என்று எழுதிக்கொடு என்று முடிக்கிறது. முதலாவது என் நெஞ்சு அழுகாமல் இருக்க நான் செய்ய வேண்டியது. அதை ஆண்டவர் கேட்கிறார் என்றே நம்புகிறேன். ரெண்டாவதை ஊர்க்காரர்கள்தான் கேட்கிறார்கள், ஆண்டவர் பெயரைச் சொல்லி.

(தள்ளுபடி என்றால்கூட அது யாருக்கு வருகிறது என்று பாருங்கள். 2008 பட்ஜெட்டில் 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு ரூபாய் தள்ளவில்லை. நிலம் இருந்தால்தானே பயிர்க்கடன். எங்களுடையது எல்லாம் வட்டிக்காரன் கணக்கு.)

கடன் என்ற சொல்லை நான் வலிய இழுத்து வரவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை மத்தேயு எழுதியிருக்கிற கிரேக்கத்தில் இருப்பதே கடன் என்ற சொல்தான். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். புராட்டஸ்டண்ட்காரர்களின் பழைய தமிழ் பைபிளில் கடன் என்றே நிற்கிறது. நம்ம கத்தோலிக்க ஜெபத்தில் அது குற்றம் என்று மாறிவிட்டது. குற்றம் என்றால் மனசுக்குள் முடிந்துவிடும். கடன் என்றால் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று கேள்வி வரும்.

அந்த மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்கே வருவோம். ஏழு தடவையா என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு கணக்கோடு ஒரு கதை சொல்கிறார். ராஜாவிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட ஒரு ஊழியன். ஒரு தாலந்து என்றால் ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. போட்டுப் பாருங்கள், 6 கோடி நாள் கூலி. அது முழுக்கத் தள்ளுபடி ஆகிறது. வெளியே வந்தவன் தன்னிடம் நூறு நாள் கூலி கடன்பட்ட சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. இந்தக் கதையை வைத்துத்தான் நம்மை மன்னிக்கச் சொல்கிறார்கள். நாம் இதில் எந்த ஆள்? ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கி, பெரிய கடன் தீர்ந்து, கோயில் படியிறங்கி வந்து சவவண்டிச் சாவியை இறுக்கிப் பிடிக்கிறவன் எந்த ஆள்?

கதையின் நடுவில் ஒரு வரி உண்டு. எந்தப் பிரசங்கத்திலும் அதை நான் கேட்டதில்லை. கழுத்தைப் பிடித்ததைப் பார்த்த மற்ற ஊழியர்கள் மனம் நொந்து, நேரே ராஜாவிடம் போய் நடந்ததைச் சொல்கிறார்கள். கழுத்து நெரிபட்டவனிடம் போய், நீ மன்னித்துவிடு என்று அவர்கள் சொல்லவில்லை. புகார் கொடுத்தார்கள். ராஜாவும் அவர்களைக் கோள் சொல்லிகள் என்று திட்டவில்லை. நம் இயக்கங்கள் செய்கிற வேலை அந்த வரியில் இருக்கிறது.

காணிக்கை கொடுக்கப் போகிறவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருக்கிறது என்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னால் போட்டுவிட்டுப் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வர வேண்டும் என்கிறது அதே மத்தேயு, 5ஆம் அதிகாரம். அங்கே எழுந்து நடக்க வேண்டியவன் தப்புச் செய்தவன். நம் ஊரில் எப்போதும் அடிபட்டவன்தான் எழுந்து போய்க் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. சக்கேயு மன்னிப்புக் கேட்டு அழவில்லை. ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அப்புறம்தான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது.

அப்படியென்றால் கசப்பை என்ன செய்வது? வைத்துக்கொண்டே இருக்கலாமா? முடியாது தோழர்களே. அது தின்றுவிடும். என்னைத் தின்றதைச் சொன்னேன். நம் ஆட்களில் எத்தனை பேர் ஊர்க்காரன் மேல் உள்ள ஆத்திரத்தைச் சாயங்காலம் சாராயத்தில் கரைத்து, ராத்திரி பொண்டாட்டி முதுகில் இறக்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அதற்கும் நாம் வாயைத் திறப்பதில்லை.

எனக்கு வழி காட்டியவை சாபச் சங்கீதங்கள். எதிரி நாசமாகப் போகட்டும், அவன் பிள்ளைகள் அனாதையாகட்டும் என்று ஆண்டவரிடமே கத்துகிற பாட்டுகள் பைபிளில் இருக்கின்றன. ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குருக்கள் அன்றாடம் சொல்லும் நேரச் செபங்களைத் திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை அப்படியே எடுத்துவிட்டார்கள். வேறு சிலவற்றில் சில வரிகளை வெட்டினார்கள். காதுக்குக் கடுமையாக இருக்கிறதாம். செருப்புக் கடிக்காதவனுக்குக் கடுமையாகத்தான் இருக்கும். நான் 109ஐ வாய்விட்டு வாசித்தேன், பல ராத்திரி. வாசிக்க வாசிக்க ஒன்று புரிந்தது. இதில் கத்துகிறவன் கத்தியை எடுத்துக்கொண்டு போகவில்லை. வழக்கைக் கோர்ட்டில் ஒப்படைக்கிறான். பழி வாங்கும் வேலை என் கையைவிட்டுப் போகிறது, வழக்கு போகவில்லை. சிலுவையில் தொங்கிய இயேசுவும் சிப்பாய்களைப் பார்த்து உங்களை மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. தந்தையைப் பார்த்து, இவர்களை மன்னியும் என்று கேட்டார். ஆணியடித்த கையோடு அவரால் முடிந்தது அது. உயிர்த்து வந்தபோதும் காயத்தை மறைக்கவில்லை, தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

பெரிய இடத்து மன்னிப்புகளையும் பார்த்தாகிவிட்டது. 1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைந்த ஹரிஜன சேவக சங்கத்தில் தலித்துகளுக்கு நிர்வாகத்தில் இடம் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், அதை அவர்கள்தான் நடத்த வேண்டும் என்றார் காந்தி. பாதிக்கப்பட்டவன் இல்லாமல் நடக்கிற பிராயச்சித்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. இரண்டாம் ஜான் பால் 2000 மார்ச் 12இல் திருச்சபையின் பாவங்களுக்காக உலகத்தின் முன் மன்னிப்புக் கேட்டார். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதியைப் பற்றிப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. வரவேற்கிறேன். ஆனால் 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகளை அடித்து நொறுக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. போலீஸ் சுட்டு ரெண்டு உயிர் போனது, அவர்கள் வன்னியக் கிறிஸ்தவர்கள். ரோமிலிருந்து எறையூருக்கு மன்னிப்பு வந்து சேர இன்னும் எத்தனை வரப்பு தாண்ட வேண்டுமோ.

தென்னாப்பிரிக்காவை உதாரணம் காட்டுவார்கள். பேராயர் டுட்டு தலைமையில் 1996இல் உண்மை, நல்லிணக்க ஆணையம் விசாரணைகளைத் தொடங்கியது. அங்கேயும் சும்மா மன்னிப்பு இல்லை. முழு உண்மையையும் பொதுவில் சொன்னால்தான் பொதுமன்னிப்பு. ஏழாயிரத்துக்கும் மேல் விண்ணப்பம் வந்ததில் 849 பேருக்குத்தான் கிடைத்தது. ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம், எங்கள் நீதியை நீங்கள் எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே போனது, 1996இல் தோற்றது. ஆனாலும் பிக்கோ சாவுக்குக் காரணமான போலீஸ்காரர்களுக்கு 1999இல் பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடைசியில் 2003இல் அரசு அறிவித்தது தலைக்கு 30,000 ரேண்ட். ஆணையம் சிபாரிசு செய்ததைவிட மிகவும் குறைவு. டுட்டு பெரிய மனுஷன், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உண்மையைச் சொன்னதோடு முடிந்தது, நிலம் கைமாறவில்லை. சைக்கிளைத் திருடியவன் ஒரு வருஷம் கழித்து வந்து சமாதானமாகப் போவோம் என்றானாம். சரி, சைக்கிள் எங்கே என்று கேட்டானாம் இவன். அந்த நாட்டில் அப்போது புழங்கிய கதை.

அடுத்த நவம்பரில் அவர் மறுபடி வந்தார். அந்தத் தடவை நிஜமாகவே ரேகை விழவில்லை. கட்டைவிரல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கவுன்டரை விட்டு வெளியே வந்து, ஈரத் துணியால் அவர் விரலைத் துடைத்து நானே பிடித்து வைத்துப் பார்த்தேன். விழவில்லை. இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து நிரப்பினேன். கையெழுத்துப் போட்டார். அப்புறம் சொன்னேன். நான் யார் மகன் என்று சொன்னேன். போன வருஷம் மூன்று நாள் வேண்டுமென்றேதான் அலைய விட்டேன், அது தப்பு, மன்னிச்சிடுங்க என்றேன். "ஆனா அன்னைக்கு நீங்க சாவி குடுக்காதது அப்படியே நிக்குது சார். அதுக்காக உங்களை இனிமே அலைய விடமாட்டேன். ஆனா அது நிக்குது."

ரொம்ப நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது ஊர் எடுத்த முடிவு தம்பி. நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியம். ஆனால் அவர் சொன்னதை நான் வேறு எங்கோ கேட்டிருக்கிறேன் என்று ராத்திரியெல்லாம் உறுத்தியது. கேட்டது எங்கள் வீட்டில்தான். அப்பாவைத் தூக்கிப்போன அன்றைக்குப் பாடைக்கு முன்னால் சேற்றில் துணி விரித்துக்கொண்டே போனது எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணாரக் கிழவி. எங்களுக்கெல்லாம் ஆயா வயசு. தெருவில் மூக்கு ஒழுகும் பிள்ளைகூட அதை 'ஏய்' என்றுதான் கூப்பிடும். ராத்திரியில் வீடு வீடாகச் சட்டியை எடுத்துக்கொண்டு சோறு வாங்க வரும். அன்றைக்கும் வந்தது. ஊர்க்காரனைப் பற்றி மழையில் கத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்த நான்தான் எழுந்துபோய், சட்டியில் கை படாமல் மேலேயிருந்து சோற்றைப் போட்டேன். பின்னால் ஒருமுறை அம்மாவிடம் இதைக் கேட்டதற்கு, "தெரு வழக்கம்டா. நான் ஒருத்தி என்ன பண்ண?" என்றது.

கதையில் நான் கழுத்து நெரிபட்டவன் மட்டும்தான் என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழவியின் மகள் வீட்டைத் தேடிப் போனேன். தெருவுக்குக் கிழக்கே தனியாக மூன்று வீடு. அக்கா என்று கூப்பிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. தொண்டையில் சிக்கித்தான் வந்தது. உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். அந்த அக்கா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டது. "அம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு சார். அதுகிட்டதான் கேட்டிருக்கணும்."

சரியான பதில். நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்ன அதே சட்டம்.

கொஞ்ச நேரம் கழித்து அதுவே பேசியது. பையன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். சாதிச் சான்று கிடைக்கவில்லை. வண்ணார் என்று எழுதினால் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தள்ளுகிறார்கள், புதிரை வண்ணார் என்றால் ஆதாரம் கேட்கிறார்கள். 2009இல் அரசு இவர்களுக்கு நல வாரியம் வைத்தது, அந்த வாசலுக்கும் சான்று வேண்டும். காலனிக்காரர்கள், இவர்கள் எங்களுக்குத் துணி வெளுத்தவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பார்க்கலாம் என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னாராம். தெருவில் நாலு பேரிடம் கேட்டிருக்கிறது. நமக்கெதுக்கு வம்பு என்று யாரும் போடவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். எந்த வருஷத்திலிருந்து, எத்தனை வீட்டுக்கு, கூலி என்ன, சோறு எப்படிப் போட்டோம், என்ன சொல்லிக் கூப்பிட்டோம் எல்லாம். ரெண்டு பக்கம் வந்தது. அம்மா கைநாட்டு வைத்தது, முதலில் திட்டிவிட்டுத்தான். தெருவில் இதுவரைக்கும் ஏழு கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ரெண்டு பேர் வீட்டில் சண்டை. இப்போது எனக்கும் அந்தத் தெருவில் பேர் கெட்டிருக்கிறது.

அக்காவும் பையனும் நானும் தாலுகா ஆபீசுக்கு ரெண்டு தடவை போய்விட்டோம். தாசில்தார் கேம்ப் போயிருக்கிறாராம். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.